எல்லாரும் ஏறியாச்சா?

ஜனவரி 9

அக்கா,

போனில் பேசினால் நாம் இரண்டு பேரும் கத்துகிறோம். கத்தி முடித்ததும் நீ வைத்துவிடுகிறாய். மறுபடி கூப்பிட்டால் எடுப்பதில்லை. அதனால் எழுதுகிறேன். கடிதத்தைப் பாதியில் துண்டிக்க முடியாது, கிழிக்கத்தான் முடியும். கிழிப்பதற்குள் நாலு வரியாவது உன் கண்ணில் படும்.

லிப்ட் கம்பெனி வேலையை விட்டதற்குத் திட்டினாய், சரி. ஞாயிற்றுக்கிழமை பொழுதுபோக்கை நம்பி போட்டோ ஸ்டூடியோ திறந்தது வேலியில் போகிற ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்ட கதை என்றாய், அதுவும் சரி. ஆனால் கடை ஓடுகிறது அக்கா. நம் வீட்டுக்குக் கீழே தையல்காரர் காலி செய்தாரே, அதே கடைதான். அவருடைய ஆளுயரக் கண்ணாடியை விட்டுவிட்டுப் போனார். வருகிற குடும்பமெல்லாம் முதலில் அதன் முன்னால்தான் போய் நிற்கிறது. அம்மா சீப்பும் ஊக்கு டப்பாவுமாக மேலேயிருந்து இறங்கி வந்துவிடுகிறாள். யார் தலையையும் விடுவதில்லை. போன வாரம் ஒரு போலீஸ் அதிகாரி வந்தார். "கொஞ்சம் குனிங்க தம்பி" என்று சொல்லி அவருக்கு வகிடு எடுத்துவிட்டாள். அவரும் குனிந்தார்.

அம்மாவுக்கு இன்னொரு வேலையும் உண்டு. குடும்பப் படம் என்றால் யாராவது ஒருத்தர் தாமதமாகத்தான் வருவார். ஒரு சித்தப்பா, இல்லையென்றால் வண்டி நிறுத்த இடம் தேடுகிற மருமகன். அம்மா கடைக் கதவைக் காலால் தடுத்துக்கொண்டு தெருவைப் பார்த்தபடி நிற்பாள். நான் கேமராவில் கண்ணை வைத்துக்கொண்டு, லிப்டில் கேட்டுக் கேட்டுப் பழகிய வாயால், "எல்லாரும் ஏறியாச்சா?" என்பேன். அம்மா தெருவை இன்னொரு தடவை பார்த்துவிட்டு, "ஏறியாச்சு, அமுக்கு" என்பாள். குடும்பமே சிரித்துவிடும். அந்தச் சிரிப்பைத்தான் நான் எடுக்கிறேன். 'சிரிங்க' என்று கேட்டு வாங்குகிற சிரிப்பு பல் டாக்டரிடம் காட்டுகிற வாய் மாதிரிதான் இருக்கும்.

இப்போது சண்டைக்கு வருகிறேன். முகப்புக் கண்ணாடிக்குள் மாட்டியிருக்கும் உங்கள் படத்தை எடுத்துவிடு என்கிறாய். ஏன் என்று கேட்டால் போனை வைத்துவிடுகிறாய். உங்கள் பால்கனி, அத்தான் நாற்காலியில், அவர் மடியிலிருந்து உன் மகள் வாலு வழுக்கி விழப் பார்க்கிறாள், பின்னால் நின்றுகொண்டு நீ அண்ணாந்து சிரிக்கிறாய். நான் இதுவரை எடுத்ததில் அதுதான் ஒன்றாம் நம்பர். தெருவில் போகிறவர்கள் நிற்பது அதைப் பார்த்துத்தான். உள்ளே வந்து, "எங்களையும் அது மாதிரி எடுங்க" என்று கை காட்டுகிறார்கள். அம்மா தினமும் காலையில் அதைத் துடைத்துவிட்டு, கேட்டவர் கேட்காதவர் எல்லோரிடமும், "என் பொண்ணு, என் மாப்பிள்ளை, என் பேத்தி" என்கிறாள்.

காரணத்தைச் சொல். சொல்லாவிட்டால் எடுக்க மாட்டேன்.

தம்பி


ஜனவரி 20

தம்பிக்கு,

உன் கடிதம் சுற்றி வளைத்து வந்து சேர்ந்தது. வாலு சைக்கிளை எடுக்கப் போனபோது கதவிடுக்கில் கிடந்ததாம். இனிமேல் எழுதுவதானால் நான் வேலை பார்க்கும் மருந்துக் கடை முகவரிக்கு எழுது. வீட்டுக்கு எழுதாதே. ஏன் என்று இதற்கும் ஒரு கடிதம் போடாதே.

கடை ஓடுவதில் எனக்குச் சந்தோஷம்தான். உன்னைத் திட்டுவது என் பிறப்புரிமை, அதற்காக நீ தோற்றுப்போக வேண்டுமென்று நினைப்பேனா? ஆனால் அந்தப் படம் எப்படி என் காதுக்கு வந்தது தெரியுமா? இங்கே மாதாமாதம் ஒரு மருந்துக் கம்பெனிக்காரர் வருவார். உங்கள் ஊருக்கு வந்தவர் உன் தெரு வழியாகப் போயிருக்கிறார். மருந்துச் சீட்டோடு பத்துப் பேர் காத்து நிற்கும்போது, "மேடம், உங்க போட்டோவ இத்தாம் பெரிசுல பாத்தேன். என்ன ஒரு குடும்பம்! சார் நல்லா இருக்காரா?" என்றார். எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் ஒரு கிழவருக்கு இருமல் மருந்துக்குப் பதிலாக வயிற்றுப்போக்கு மருந்தை எடுத்து நீட்டினேன். பக்கத்தில் இருந்த பெண் கையைப் பிடித்திருக்காவிட்டால் அவர் பாடு திண்டாட்டம்.

எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. என் முகம் நான் இல்லாத தெருவில், யார் யாரோ பார்க்க, ராவும் பகலும் சிரித்துக்கொண்டு நிற்கிறது என்று நினைத்தாலே உடம்பு கூசுகிறது. எடுத்துவிடு. அக்கா சொன்னால் ஒரு காலத்தில் கேட்பாய்.

அக்கா


ஜனவரி 27

அக்கா,

இது ஒரு காரணமா? உன் முகம் எல்லோரும் பார்க்கிற முகம்தானே, மருந்துக் கடையில் முக்காடு போட்டுக்கொண்டா நிற்கிறாய்?

நீ கோபப்படுவாய், இருந்தாலும் சொல்கிறேன். அத்தானுக்குப் போன் பண்ணிக் கேட்டேன். அவர் படமும்தானே அது. அவருக்கு ஓர் ஆட்சேபணையும் இல்லை. "தாராளமா வை மச்சான், இன்னும் பெரிசா வை. உங்கக்கா எப்பவும் அப்படித்தான். ஊருக்கு முன்னால சிரிப்பா, வீட்டுல மூஞ்சியத் தூக்கி வச்சுப்பா" என்றார். உன்னிடம் கொடுக்கச் சொன்னேன். "கடைல இருக்கா" என்றார். இன்னொரு நாள் சாயங்காலம் கூப்பிட்டேன். அப்போதும் கடையில்தானாம். வாலுவும் கடையிலா?

அந்த ஒரு படத்தை எடுத்தால் இந்தக் கடை வெறும் விளக்கும் ஸ்டூலும்தான். மற்ற குடும்பங்களின் படங்களை வைத்துப் பார்த்தேன், ஒருத்தரும் நிற்கவில்லை. எல்லாம் அழகாக இருக்கிறது, உயிர் இல்லை. நான் திரும்பிப்போய்க் கம்பெனிக்காரன் காலில் விழ வேண்டும் என்பது உன் ஆசையானால் நேராகச் சொல்லிவிடு.

தம்பி


பிப்ரவரி 2

டேய்,

அவரிடம் கேட்டாயா? என் முகத்தை மாட்டுவதற்கு அவரிடம் அனுமதி வாங்கினாயா? உன் கடிதத்தைக் கடைக்குள்ளேயே படித்துவிட்டுப் பின்பக்கம் போய் அட்டைப் பெட்டிகளை உதைத்தேன்.

சரி, கேள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் எத்தனை நாள் மறைப்பது. நான் அந்த வீட்டில் இல்லை. மழை ஆரம்பித்தபோதே வாலுவைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டேன். மருந்துக் கடைக்கு மேலே இரண்டு அறை, ஒரு ஜன்னல், தண்ணீர் காலையில் மட்டும் வரும். கடை முதலாளிக்குத் தெரியும். வேறு யாருக்கும் தெரியாது. உன் அத்தானும் உங்களிடம் சொல்ல மாட்டார். சொன்னால் அவருக்கல்லவா கௌரவக் குறைச்சல்.

இப்போது அந்தப் படம். நீ விளக்குக்கும் வெயிலுக்கும் நடுவில் கேமராவைத் திருகிக்கொண்டிருந்தாய். அவர் என் பக்கம் திரும்பாமலே, உனக்குக் கேட்காத குரலில் சொன்னார்: "நல்லா இளிச்சு வை. உன்ன வச்சுக் குப்பை கொட்டறதுக்கு எனக்கு ஒரு ஆதாரமாச்சும் வேணும்ல." வாலு அவர் மடியில் இருந்தாள். அவள் வழுக்கி விழவில்லையடா. இறங்கப் பார்த்தாள். அவர் பிடித்து வைத்திருந்தார்.

நான் சிரித்தேன். எனக்கு அந்த வியாதி உண்டு என்று உனக்குத் தெரியாதா? படிக்கட்டில் உருண்டு கை முறிந்தபோது சிரித்தேன். அப்பா போன அன்றைக்கு ஆஸ்பத்திரி வராந்தாவில் சிரித்தேன். எல்லோரும் என்னைப் பைத்தியம் என்று பார்த்தார்கள். நீ ஒருத்தன்தான் ஓடிவந்து கையைப் பிடித்து, "அக்கா, சிரிக்காத. வலிக்குதுன்னு சொல்லு" என்றாய். உனக்கு அப்போது அரை டிராயர் இடுப்பில் நிற்காது. அந்த வயதில் தெரிந்தது, கேமராவை முகத்தில் வைத்ததும் தெரியாமல் போய்விட்டது.

உன் ஒன்றாம் நம்பர் படம் அதுதான். ஊரே வந்து, எங்களையும் அப்படி எடுங்கள் என்கிறது!

அம்மாவிடம் மூச்சு விடாதே. அவள் அந்தப் படத்தைத் துடைக்கிறாள் என்று எழுதியிருக்கிறாய். எந்த வாயால் சொல்வேன்?

அக்கா


பிப்ரவரி 11

அக்கா,

உன் கடிதம் வந்ததிலிருந்து குட்டி போட்ட பூனை மாதிரி கடைக்குள் சுற்றிக்கொண்டிருக்கிறேன். என்ன எழுதினாலும் அது போதாது. நீ சொன்னதும் அந்தப் படத்தின் முன்னால் போய் நின்றேன். உன் கை நாற்காலியின் முதுகைப் பிடித்திருக்கிறது, விரல் முட்டியெல்லாம் வெளுத்துப் போயிருக்கிறது. அதைப் பெரிதாக்கி அச்சடித்தவனும் நான்தான், சட்டம் போட்டவனும் நான்தான். எனக்குத் தெரியவில்லை.

இனி வேலை எப்படி ஓடும்? முந்தாநாள் ஒரு கணவன் மனைவி, இரண்டு பிள்ளைகள். அந்தப் பெண் கணவன் தோளில் கையை வைத்துக்கொண்டு சத்தமாகச் சிரித்தார். நான் கேமராவை இறக்கிவிட்டு, "நிஜமாவே சிரிக்கிறீங்களா?" என்று கேட்டுவிட்டேன். வாயில் வந்துவிட்டது அக்கா. கணவர் எழுந்துவிட்டார். "என்ன சார் அர்த்தம்? எங்களப் பாத்தா எப்படித் தெரியுது?" என்று ஒரே ரகளை. படம் எடுக்காமலே போய்விட்டார்கள். நேற்று அந்தப் பெண் மட்டும் வந்தார். பயந்துபோய் நாற்காலி போட்டேன். "புதுச் செருப்பு கடிச்சுது சார், அதான் அப்படிச் சிரிச்சேன். அவர் நல்லவர்தான். நீங்க ஒண்ணும் நெனச்சுக்காதீங்க" என்றார். நம்புவதா வேண்டாமா என்று எனக்குத் தெரியவில்லை. நுணலும் தன் வாயால் கெடும், என் கதை அதுதான்.

உன் படத்தை இறக்கினேன். அம்மா காலையில் துணியோடு வந்து வெறும் ஆணியைப் பார்த்தாள். சட்டம் ஆடுகிறது, சரிசெய்ய வேண்டும் என்றேன். லிப்டையே கழற்றி மாட்டுகிறவனுக்கு ஒரு சட்டத்தைச் சரிசெய்ய எத்தனை நாள் ஆகும் என்றாள். அப்புறம் அவளாகவே ஒரு முடிவுக்கு வந்துவிட்டாள். நமக்குள் போனில் நடந்த சண்டை அவளுக்குத் தெரியும். "அக்கா மேல கோபம்னா அவ படத்து மேலயாடா காட்டுவ? கூடப் பிறந்தவ நல்லா வாழறது உனக்குப் பொறுக்கலையா?" என்று கேட்டுவிட்டாள்.

நான் வாயைத் திறக்கவில்லை. அம்மாவிடம் மூச்சு விடாதே என்று நீதானே சொன்னாய்.

இப்போது அம்மா என்னோடு பேசுவதில்லை. சீப்போடு கீழே இறங்குவதுமில்லை. வருகிறவர்கள் கலைந்த தலையோடு உட்காருகிறார்கள், கடைக் கதவு தானாகச் சாத்திக்கொள்கிறது, தாமதமாக வரும் சித்தப்பாக்கள் வெளியே நின்று தட்டுகிறார்கள். இன்று காலை கடையைத் திறந்தால் உன் படம் பழைய ஆணியில் தொங்குகிறது. அம்மாதான், ஸ்டூல் போட்டு ஏறியிருக்கிறாள். நான் மறுபடி எடுத்தால் அவள் மறுபடி மாட்டுவாள். நீயே சொல், நான் என்ன செய்ய?

தம்பி


பிப்ரவரி 17

தம்பிக்கு,

அம்மா ஸ்டூலில் ஏறினாளா? அந்த முழங்காலை வைத்துக்கொண்டா? படித்ததிலிருந்து எனக்கு வேலையே ஓடவில்லை.

அந்தப் படம் இப்போதைக்கு அங்கேயே இருக்கட்டும். நீ எடுத்தால் அது நீ செய்த வம்பு. அம்மா கையால் இறங்கினால்தான் இறங்கினதாக அர்த்தம். அதற்கு நான் வந்து என் வாயால் சொல்ல வேண்டும். என்ன சொல்வாள் என்று தெரியும். பொறுத்துப் போயிருக்கக் கூடாதா என்பாள். அப்படிச் சொன்னால் எனக்குப் பதில் இருக்கிறது. பேசாமல் இருந்துவிட்டால்தான் பயம்.

வரும் சனிக்கிழமை ஓர் இடம் ஒதுக்கி வை. தம்பி என்று சலுகை வேண்டாம், வாடிக்கையாளராக வருகிறேன். குடும்பப் படம் ஒன்று. ஆள் இரண்டு. நானும் வாலுவும். இரண்டு பேர் இருந்தால் உன் கடையில் குடும்பம் என்று எடுப்பாயா?

என்னைச் சிரிக்கச் சொல்லக் கூடாது. அம்மாவிடம் நான் வருவதைச் சொல்லக் கூடாது.

வருவேனா என்று எனக்கே நிச்சயமில்லை. இருந்தாலும் ஒதுக்கி வை.

அக்கா


பிப்ரவரி 26

அக்கா,

சனிக்கிழமை காலையிலிருந்து விளக்கைப் போட்டு வைத்திருந்தேன். வந்த இரண்டு குடும்பங்களை ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்லித் திருப்பி அனுப்பினேன். அம்மா மாடியிலிருந்து எட்டிப் பார்த்து, "யாருக்குடா இந்த ராஜ மரியாதை?" என்று கேட்டாள். அவள் என்னிடம் பேசியது எத்தனையோ நாள் கழித்து அப்போதுதான். "ரெண்டு பேர் வர்றாங்கம்மா" என்றேன். சாயங்காலம் வரை ஒருவரும் வரவில்லை.

கோபமில்லை. எடுப்பேன் அக்கா. இரண்டு பேர் என்றாலும் எடுப்பேன்.

தம்பி


மார்ச் 1

தம்பி,

பஸ் நிலையம் வரை வந்தேன். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தும்விட்டோம். கண்டக்டர், "எத்தனை பேரும்மா, சார் வரலயா?" என்றார். பக்கத்து சீட்டுக்கு ஆள் ஏற்றுவதற்காகத்தான் அவர் கேட்டார். நான் வாலுவை இழுத்துக்கொண்டு இறங்கிவிட்டேன். வழியெல்லாம் அவள் என்னோடு பேசவில்லை. வீட்டுக்கு வந்ததும், "அடுத்த வாரம் நான் தனியா போறேன், நீ வேணா தலை வாரி மட்டும் அனுப்பு" என்றாள். உன் மருமகள் அல்லவா, வாய் வேறெப்படி இருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை வருகிறோம்.

அக்கா


மார்ச் 12

தம்பி,

பத்திரமாக வந்து சேர்ந்தோம். உன் விளக்குகளை ஏற்றி அணைத்து விளையாடியதைப் பற்றியே வாலு வழி முழுக்கப் பேசினாள். நல்லவேளை அவளைக் கீழே வைத்துக்கொண்டாய்.

மாடியில் நான் எல்லாவற்றையும் சொன்னேன். பால்கனியில் அவர் சொன்னதைச் சொன்னேன், அதற்கு முன்னால் நடந்ததையும் சொன்னேன். அம்மா கொடியில் கிடந்த துணியை எடுத்து மடித்துக்கொண்டே இருந்தாள். மடித்த துணியையே பிரித்து மறுபடி மடித்தாள். பொறுத்துப் போயிருக்கக் கூடாதா என்றுகூடக் கேட்கவில்லை. "பிள்ளைக்குத் தலை வாரணும்" என்று மட்டும் சொல்லிவிட்டுச் சீப்பை எடுத்துக்கொண்டு இறங்கினாள். அவ்வளவுதான். கிணற்றில் போட்ட கல்.

நாங்கள் உன் ஸ்டூலில் உட்கார்ந்தபோது அந்த விளக்குகள் கண்ணில் அடித்தன, எனக்கு ஒன்றும் தெரியவில்லை. நீயும் எல்லோரிடமும் கேட்கிற அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. பேசாமல் அமுக்கினாய். எங்கள் இரண்டு பேரைப் பார்த்ததும் உனக்கும் வாய் வரவில்லை என்று நினைத்துக்கொண்டேன். பஸ் ஏறும்போது அம்மா வாலுவைக் கட்டிக்கொண்டாள். என் கையில் ஒரு பையைக் கொடுத்தாள். என் முகத்தைப் பார்க்கவில்லை.

அவள் என்ன நினைக்கிறாள்? ஏதாவது சொன்னாளா? நல்லதோ கெட்டதோ, மறைக்காமல் எழுது. எனக்கு ஓர் இடத்தில் உட்கார முடியவில்லை. மாத்திரை எண்ணும்போது பாதியில் மறந்து முதலிலிருந்து எண்ணுகிறேன்.

அக்கா


மார்ச் 19

அக்கா,

படத்தை இதனுடன் வைத்திருக்கிறேன். அட்டைக்குள் இருக்கிறது, பார்த்துப் பிரி. வாலு பல் விழுந்த இடைவெளியைக் காட்டிக்கொண்டு முறைக்கிறாள். நீ சிரிக்கவில்லை. அழவும் இல்லை. நீண்ட தூரம் நடந்து வந்து உட்கார்ந்தவள் மாதிரி இருக்கிறாய். உன் கை இரண்டும் மடியில் சும்மா கிடக்கிறது. இந்தத் தடவை கையைப் பார்த்துவிட்டுத்தான் அமுக்கினேன்.

முகப்பில் இப்போது உன் படம் இல்லை. நீ பஸ் ஏறிய மறுநாள் காலை அம்மா துணியோடு வந்தாள், துடைத்தாள், அப்புறம் இறக்கினாள். எங்கே வைக்க என்று கேட்டேன். "கண்ணுல படாத எடத்துல" என்றாள். அந்த ஆணிக்கு என்ன செய்வது என்று இரண்டு நாள் யோசித்துவிட்டு, கடைசியில் அம்மாவையே எடுத்து மாட்டிவிட்டேன், கையில் சீப்போடு. தெருவில் நிற்கிறவர்கள் முன்பை விடக் குறைவுதான். உள்ளே வருகிறவர்கள், "அந்தம்மா இருக்காங்களா?" என்று கேட்டுக்கொண்டு வருகிறார்கள். கடை தாக்குப்பிடிக்குமா என்று எனக்குத் தெரியாது. பிடிக்கும் என்று நினைக்கிறேன்.

நீ கேட்டதற்கு வருகிறேன். விளக்கு கண்ணில் அடித்ததால் நீ பார்த்திருக்க மாட்டாய். நான் பார்த்தேன். நீங்கள் உட்கார்ந்ததும் அம்மா வழக்கம்போலக் கதவைக் காலால் தடுத்துக்கொண்டு நின்றாள். நான் கேட்க வாயெடுத்தேன். அந்தக் கேள்வியை உங்களிடம் எப்படிக் கேட்பது? யாரோ பாக்கி என்று குத்திக்காட்டுகிற மாதிரி ஆகிவிடாதா? விழுங்கிவிட்டேன். அம்மா கொஞ்ச நேரம் என்னையே பார்த்தாள். அப்புறம் தெருவை ஒரு தடவை எட்டிப் பார்த்தாள். காலை எடுத்துவிட்டுக் கதவைச் சாத்தினாள், தாழ்ப்பாளும் போட்டாள். 'டக்'கென்று ஒரு சத்தம் கேட்டு என்ன என்று நீ கேட்டாயே, அதுதான். நான் காற்று என்று சொல்லிவிட்டேன்.

அதன் பிறகும் உன்னைப் பற்றி அவள் ஒன்றும் பேசவில்லை. நேற்று இந்தப் படத்தை வெட்டி அட்டையில் ஒட்டிக்கொண்டிருந்தேன். அம்மா பின்னால் வந்து நின்று வெகுநேரம் பார்த்தாள். பிறகு கோபமாகக் கேட்டாள்.

"ஏன்டா, அன்னைக்கு நீ கேக்கவே இல்ல?"

"எதம்மா?"

"எல்லார்கிட்டயும் கேப்பியே, அது."

நான் கத்தரிக்கோலைக் கீழே வைத்தேன்.

"கதவையும் சாத்திட்டு, நீ கேப்ப கேப்பன்னு நின்னுட்டே இருந்தேன்டா" என்றாள். "எல்லாரும் ஏறியாச்சுன்னு சொல்லியிருப்பேன்ல."

தம்பி